பாடகர், பாட்டு ஆசிரியர், குரல் ஆய்வாளர்: மூன்றும் ஒருவரே என்றால்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேடையில் பாடுவது, பாட்டு சொல்லிக்கொடுப்பது, குரல் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்வது, இந்த மூன்றையும் சேர்த்தே தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பவர்கள் நிறைய. பெரும்பாலும் நன்றாகப் பாடும் இளைஞர்கள், அறிவியலிலும் ஆர்வம் இருக்கும், ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள் என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எதையும் விட வேண்டியதில்லை என்பதுதான் என் பதில். ஆனால் மூன்றும் தானாகவே ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் என்று நினைத்து இறங்கினால் சிரமப்படுவீர்கள்.

உண்மையிலேயே யாராவது மூன்றையும் செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள். சொல்லப்போனால் இந்தத் துறையே அப்படி ஒருவரிடமிருந்துதான் சூடுபிடித்தது. மானுவேல் கார்சியா 1805ல் ஸ்பெயினில் பிறந்தவர், பாடகர் குடும்பம். அப்பா புகழ்பெற்ற டெனர் (உயர்ந்த ஆண் குரலில் பாடுபவர்), தங்கைகள் மரியா மலிப்ரானும் பாலின் வியார்டோவும் ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கிய பாடகிகள். இளமையில் அப்பாவின் ஓபரா குழுவோடு நியூயார்க் வரை போய்ப் பாடினார், ஆனால் அவருடைய குரல் அந்த வேலைக்குத் தாங்கவில்லை, மேடையைச் சீக்கிரமே விட்டுவிட்டு ஆசிரியரானார். 1854ல் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் காம்பு வைத்த சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் பிடித்து, இன்னொரு கைக்கண்ணாடியால் சூரிய வெளிச்சத்தை அதன்மேல் திருப்பி, தன்னுடைய குரல் நாண்கள் திறந்து மூடுவதைத் தானே பார்த்தார். அடுத்த ஆண்டே அந்தக் கவனிப்புகள் லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போயின. பிறகு மருத்துவர்கள் அந்த முறையை எடுத்துக்கொண்டார்கள், குரல்வளை மருத்துவம் என்று ஒரு துறை அதிலிருந்து வளர்ந்தது. கார்சியா 101 வயது வரை வாழ்ந்து 1906ல் இறந்தார்.

அவர் மருத்துவராக இல்லாமல் பாட்டு ஆசிரியராக இருந்ததால்தான் அந்தக் கண்ணாடி தொண்டைக்குள் போனது என்று நான் நம்புகிறேன். தினமும் மாணவர்களிடம் சொல்வது உள்ளே அப்படித்தான் நடக்கிறதா என்ற அரிப்பு ஆசிரியருக்குத்தான் வரும்.

நம் காலத்துக்கு வந்தால் டொனால்ட் மில்லர். அமெரிக்காவில் பாடகராகவும், சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பாட்டுப் பேராசிரியராகவும் இருந்தவர், பிறகு நெதர்லாந்தின் குரோனிங்கனுக்குப் போய் ஹார்ம் ஷூட்டே என்ற மருத்துவ ஆய்வாளரோடு சேர்ந்து குரல் ஆய்வகத்தில் வேலை செய்தார், முனைவர் பட்டம் 2000ல்தான் வாங்கினார். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவர் இங்கோ டிட்ஸே. இயற்பியல் படித்துவிட்டுக் குரல் பக்கம் வந்தவர், தானும் பாடுபவர். வழி ஒன்றே ஒன்று கிடையாது என்பதற்காகத்தான் இந்த மூன்று பேரைச் சொல்கிறேன்.

குரல் அறிவியல் படித்தால் நான் இன்னும் நன்றாகப் பாடுவேனா?

நேரடியாக மாட்டீர்கள். இதைக் கேட்டுப் பலர் ஏமாந்துபோகிறார்கள், ஆனால் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எந்தத் தசை எப்போது சுருங்குகிறது என்று தெரிந்ததால் அந்தத் தசை உங்கள் பேச்சைக் கேட்கப்போவதில்லை. குரல்வளைக்குள் இருக்கும் தசைகளில் பலவற்றை நாம் தனியாக உணரக்கூட முடியாது. உடல் திறன்களைக் கற்பது பற்றி காப்ரியேலே வுல்ஃப் போன்றவர்கள் செய்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த ஒரு விஷயம், உடலின் ஒரு பாகத்தின்மேல் கவனம் வைப்பவர்களைவிட, அந்த அசைவால் வெளியே என்ன விளைகிறது என்பதில் கவனம் வைப்பவர்கள் நன்றாகவே செய்கிறார்கள் என்பது. பாட்டிலும் நான் பார்ப்பது அதுதான். "நாக்கின் பின்பகுதியை இரண்டு மில்லிமீட்டர் இறக்கு" என்று சொன்னால் மாணவர் உறைந்துபோவார். "இந்த ஆகாரம் கூடத்தின் கடைசி வரிசைக்குப் போகட்டும்" என்றால் நாக்கு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

அறிவியலால் முதலில் லாபம் அடைவது உங்கள் மாணவர். எது பயன் தராது என்று உங்களுக்குத் தெரிந்திருப்பதால் அவருடைய காலம் வீணாகாது.

அப்படி என்ன தவறான விஷயங்களைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம்?

நிறைய. சில உதாரணங்கள் மட்டும்.

உதரவிதானத்தால் குரலைத் தள்ளு என்பார்கள். உதரவிதானம் மூச்சை உள்ளே இழுக்கும் தசை, அது சுருங்கும்போது காற்று உள்ளேதான் வரும். பாடும்போது காற்றை வெளியே அனுப்புவது நுரையீரலின் மீள்விசையும் வயிறு, விலா எலும்பு இடைவெளித் தசைகளும். நுரையீரல் நிறைய காற்று இருக்கும்போது அந்த மீள்விசை தேவைக்கு அதிகமாக இருக்கும், அதனால் ஒரு நீண்ட வரியின் தொடக்கத்தில் பாடகர் செய்ய வேண்டியது காற்றைப் பிடித்துவைப்பது, கடைசியில்தான் தள்ளுவது. "நன்றாகத் தள்ளு" என்று ஆரம்பத்திலேயே கத்தும் ஆசிரியர் சரியாக எதிர்வேலை செய்கிறார்.

தண்ணீர் குடித்தால் நாண்கள் நனையும் என்பது இன்னொன்று. குடிக்கும் தண்ணீர் உணவுக்குழாய்க்குப் போகிறது, நாண்களைத் தொட்டால் நமக்கு இருமல் வரும். உடல் முழுக்க நீர்ச்சத்து சரியாக இருந்தால் நாண்களின் மேல்படலமும் சரியாக இருக்கும், அதற்கு நேரம் வேண்டும். மேடை ஏறும் முன் ஒரு வாய் குடிப்பது வாயின் வறட்சிக்கு ஆறுதல், அவ்வளவே. நாண்களின் மேற்பரப்பை நேரடியாகத் தொடுவது நாம் சுவாசிக்கும் காற்று, அதில் ஈரம் இருக்கிறதா என்பதைக் கவனிக்கலாம்.

அப்புறம் இந்த ஒத்ததிர்வு, அதாவது ஒலி உடலுக்குள் எங்கே வலுப்பெறுகிறது என்ற விவகாரம். கீழ் சுரங்களில் நெஞ்சு அதிர்வதை உணர்கிறோம், மேலே போகும்போது முகமும் தலையும் அதிர்வதுபோல் இருக்கும். அந்த உணர்வுகள் உண்மை, பயிற்சியில் அவற்றைப் பயன்படுத்தவும் செய்யலாம். ஆனால் கேட்பவருக்கு வந்து சேரும் ஒலியை வடிவமைப்பது நாண்களுக்கு மேலே உதடுவரை இருக்கும் குழல்தான், வளர்ந்த ஆணுக்குச் சுமார் 17 செ.மீ. நெற்றிக்குள் ஒலியை ஏற்ற முடியவில்லையே என்று ஒரு மாணவி அழுதுகொண்டிருந்தால் அவருக்கு இது தெரிய வேண்டாமா?

சரி, ஆராய்ச்சி என்றால் என்னதான் செய்வீர்கள்?

பாடகர் ஒருவரின் குரல் வாத்தியக் குழு முழுவதையும் மீறி ஒலிவாங்கி இல்லாமல் எப்படிக் கேட்கிறது? இது நல்ல ஆய்வுக் கேள்விக்கு அழகான உதாரணம், ஏனென்றால் கேள்வி மேடையிலிருந்து வந்தது. ஸ்வீடனில் யோஹான் சன்ட்பெர்க் 1970களில் இதற்குப் பதில் தேடினார். சிம்பொனி வாத்தியக் குழுவின் ஒலியாற்றல் 500 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 500 அதிர்வு) அருகில் அதிகம், அதற்கு மேலே போகப் போகச் சரிந்துவிடும். பயிற்சி பெற்ற ஓபரா ஆண் பாடகர்களின் குரலிலோ 3000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஒரு தனி மேடு எழுகிறது, அதற்குப் பாடகர் ஃபார்மன்ட் என்று பெயர். அந்த இடத்தில் வாத்தியங்கள் பலவீனம், மனிதக் காதோ அங்கேதான் மிகக் கூர்மை. குரல்வளைக்கு நேர் மேலே உள்ள குறுகிய பகுதியும் அதற்கு மேலே விரிந்த தொண்டையும் சேர்ந்து அந்த மேட்டை உண்டாக்குகின்றன. பலத்தைக் கூட்டிக் கத்தாமலேயே பாடகரின் குரல் கேட்கிறது.

உச்சத்தில் பாடும் சொப்ரானோக்களின், அதாவது மிக உயர்ந்த பெண் குரல்களின் கதை வேறு. அவர்கள் சுருதியே ஆயிரம் ஹெர்ட்ஸை எட்டும்போது மேற்சுரங்கள் (அடிப்படைச் சுருதியோடு சேர்ந்தே ஒலிக்கும் அதன் மடங்குகள்) வெகு தூரம் தள்ளித் தள்ளி நிற்கும், அதனால் வாயைத் திறக்கும் அளவை மாற்றி, குழலின் முதல் ஒத்ததிர்வைப் பாடும் சுருதிக்கே கொண்டுவந்துவிடுகிறார்கள். உச்ச சுரங்களில் எந்த உயிரெழுத்தும் ஒன்றுபோலவே கேட்பதற்கு இது முக்கியக் காரணம். "உச்சரிப்பு தெளிவாக இல்லை" என்று அங்கே மாணவியைக் கடிந்துகொள்வதில் அர்த்தமே இல்லை.

கருவிகள் என்று பார்த்தால், கழுத்தின் இரு பக்கமும் மின்முனை வைத்து மெல்லிய மின்னோட்டத்தால் நாண்கள் எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கின்றன என்று அளக்கும் எலெக்ட்ரோகிளாட்டோகிராஃப் உண்டு, அதை 1957ல் ஃபிலிப் ஃபாப்ர் அறிமுகப்படுத்தினார். நாண்களை மெதுவாக அசைவதுபோல் காட்டும் ஸ்ட்ரோபோஸ்கோப், நொடிக்கு ஆயிரக்கணக்கான படம் எடுக்கும் அதிவேகக் கேமரா, பாடும்போதே எடுக்கும் எம்.ஆர்.ஐ. எல்லாம் உண்டு. இவை மருத்துவமனையிலோ பல்கலைக்கழகத்திலோ இருக்கும். ஆனால் பெரும்பாலான வேலை ஒலிப்பதிவு, அதை அளப்பது, கேட்பவர்களை வைத்து மதிப்பிடச் சொல்வது, அப்புறம் எழுதுவது, எழுதியதைத் திருத்துவது, மறுபடி திருத்துவது.

எந்தப் படிப்பு வழியாக வர வேண்டும்?

இசைப் பட்டம் முடித்துவிட்டு ஆய்வுப் பட்டத்தில் குரல் அறிவியலை எடுக்கலாம். பேச்சு மற்றும் செவித்திறன் துறை வழியாக வரலாம், இதில் உடற்கூறும் சிகிச்சை அனுபவமும் சேர்ந்தே கிடைக்கும், பாதிக்கப்பட்ட பாடகர்களோடு சட்டப்படி வேலை செய்யும் உரிமமும் கிடைக்கும், அதனால் வேலை நிச்சயம் வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இயற்பியல், ஒலியியல், பொறியியல், உளவியல் படித்து வந்தவர்களும் இருக்கிறார்கள். டிட்ஸே தொடங்கிவைத்த குரலியல் என்ற துறைக்குச் சில இடங்களில் குறுகிய காலப் படிப்புகளும் நடக்கின்றன.

எந்தப் பட்டம் என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, படிக்கும் ஆண்டுகளில் ஒரு நல்ல குருவிடம் பாட்டு நிற்காமல் நடந்தாக வேண்டும் என்பது. ஆய்வுக் கட்டுரையை ஆறு மாதம் தள்ளிப்போட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. இருபத்தி மூன்று வயதில் மூன்று வருடம் சாதகத்தை நிறுத்தினால் அதன் விலை பெரிது.

கணக்கு எனக்குச் சுத்தமாக வராது. முடியுமா?

முடியும், ஆனால் ஓடி ஒளிய முடியாது. டெசிபல் புரிய மடக்கை வேண்டும், ஒலியில் எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் நிறமாலை புரிய ஃபூரியே பகுப்பாய்வின் அடிப்படை வேண்டும், எந்த முடிவை நம்பலாம் என்று தெரியப் புள்ளியியல் வேண்டும். மூன்றாவதை மட்டும் யாரிடமும் ஒப்படைத்துவிடாதீர்கள். சமன்பாடுகளைத் தருவிக்கத் தெரியாமல் நல்ல குரல் ஆய்வு செய்தவர்கள் உண்டு. பத்துப் பேரின் சராசரி எவ்வளவு சுலபமாக ஏமாற்றும் என்று புரியாமல் நல்ல ஆய்வு செய்தவர் கிடையாது.

முதல் ஆய்வை எப்படித் தொடங்குவது?

வகுப்பில் உங்களைத் தொந்தரவு செய்யும் ஒரு சின்னக் கேள்வியிலிருந்து. உதாரணத்துக்கு, உறிஞ்சுகுழலை வாயில் வைத்து ஊதிக்கொண்டே சுரம் பிடிக்கும் பயிற்சி. வாய்ப்பக்கம் குறுகும்போது நாண்களுக்கு மேலே உள்ள தொண்டை, வாய்க் குழலுக்குள் அழுத்தம் ஏறி நாண்களை மெல்ல விலக்கிப் பிடிக்கிறது, அவை ஒன்றோடொன்று மோதும் வேகம் குறைகிறது, குறைந்த முயற்சியில் அதிர்வு கிடைக்கிறது என்பது டிட்ஸே விளக்கிய இயக்கம். சரி, உங்கள் மாணவர்களுக்கு இந்தப் பயிற்சிக்குப் பிறகு குரலில் உண்மையிலேயே மாற்றம் வருகிறதா, வந்தால் எவ்வளவு நேரம் நிற்கிறது? இதைக் கேட்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம்.

ஒரு கணினி, தட்டையான அதிர்வெண் பதிலுள்ள (எந்தச் சுரத்தையும் கூட்டிக் குறைக்காமல் பதியும்) ஒலிவாங்கி, அமைதியான அறை, ஆம்ஸ்டர்டாமில் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் எழுதிய, ஒலியை அளக்கும் பிராட் மென்பொருள், அது இலவசம். ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் உள்ள தூரம் மாறவே கூடாது, 30 செ.மீ. என்றால் கடைசி வரை 30 செ.மீ. தூரம் பாதியானால் அளவு 6 டெசிபல் ஏறிவிடும், நீங்கள் அதைப் பயிற்சியின் பலன் என்று எழுதிவிடுவீர்கள். ஒலி அளவைத் தானாகச் சரிசெய்யும் வசதியை அணைத்துவிடுங்கள், சுருக்கப்படாத கோப்பாகப் பதிவு செய்யுங்கள். கைப்பேசியில் பேச்சுக்காக வைத்திருக்கும் இரைச்சல் நீக்கி பாதி மேற்சுரங்களைத் தின்றுவிடும்.

இதைவிட முக்கியம் ஒப்பீடு. பத்து நிமிடம் எந்தப் பயிற்சி செய்தாலும் குரல் கொஞ்சம் தயாராகத்தான் செய்யும். அதனால் உறிஞ்சுகுழல் குழுவைச் சும்மா இருந்தவர்களோடு ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது, வேறொரு பயிற்சியோடு ஒப்பிட வேண்டும், அதே ஆளை இரண்டு நாட்களில் இரண்டு விதமாகச் செய்யவைத்தால் இன்னும் நல்லது, பாதிப் பேருக்கு வரிசையை மாற்றிவிட வேண்டும். பதிவுகளைக் கலைத்துப்போட்டு, எது முன் எது பின் என்று தெரியாத காதுகளுக்குக் கொடுங்கள். அந்தக் காதுகள் உங்களுடையதாக இருக்கக் கூடாது.

என் மாணவர்களையே ஆய்வில் சேர்த்துக்கொள்ளலாமா?

கவனமாக. மாணவர் உங்களிடம் மாட்டேன் என்று சொல்லத் தயங்குவார், அதுதான் சிக்கல். நெறிமுறைக் குழுவின் அனுமதி, எழுத்துமூல ஒப்புதல், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற உறுதி இவையெல்லாம் விதி. விதிக்கு மேலே நான் வைத்துக்கொள்வது: ஒப்புதலை நான் நேரில் கேட்பதில்லை, வேறொருவர் கேட்பார், யார் மறுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பாட நேரத்தை ஆய்வுக்காக எடுத்துக்கொள்வதும் இல்லை. அவர் பாடம் கற்க வந்தவர்.

மேடையில் பாடும்போது ஆய்வாளர் மூளை குறுக்கே வராதா?

ஆரம்ப வருடங்களில் வரும். மேல் ஸ்தாயி வரும்போது சுருதி ஏறுவதற்கு நாண்களை நீட்டும் தசை என்ன செய்கிறது என்று யோசனை ஓடினால் வரி நழுவிவிடும். அளப்பதெல்லாம் பயிற்சி அறையோடு நிற்கட்டும், மேடையில் சாகித்தியமும் எதிரே இருப்பவர்களும் மட்டும் போதும். நிகழ்ச்சிக்குப் பக்கத்து நாட்களில் என் ஒலிப்பதிவை நிறமாலையாகப் பார்ப்பதையே தவிர்த்துவிடுவேன். பார்த்தால் ஏதாவது ஒரு மேடு குறைந்திருக்கும், அதைச் சரிசெய்யத் தோன்றும், இருந்த ஒழுங்கும் போய்விடும்.

மூன்றுக்கும் நேரத்தை எப்படிப் பிரிப்பது?

நேரத்தைவிட முதலில் குரலைக் கணக்கிடுங்கள். பேசும்போது நாண்கள் நொடிக்கு 200 முறை அதிர்கின்றன என்று வைத்துக்கொண்டால், ஒலி எழுப்பிய நேரம் மட்டும் ஒரு மணி சேர்ந்தாலே 7,20,000 அதிர்வுகள், ஒவ்வொன்றிலும் நாண்கள் மோதிக்கொள்கின்றன. பாட்டு ஆசிரியர் பேசுவார், பாடிக்காட்டுவார், வாத்தியத்தின் மேலாகக் குரலெழுப்பி எண்ணுவார், மாணவரின் தவறைத் தானும் பாவனை செய்து காட்டுவார். ஆசிரியர்களுக்குக் குரல் கோளாறு மற்றவர்களைவிட அதிகம் என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் வந்த விஷயம். மாலையில் நிகழ்ச்சி, காலையிலிருந்து மதியம் வரை தொடர்ந்து வகுப்பு என்று வைத்துக்கொள்பவர் நிகழ்ச்சிக்குக் களைத்த குரலோடுதான் போவார்.

இங்கேதான் மூன்றாவது தொழில் கைகொடுக்கிறது. வாயை மூடிக்கொண்டு செய்யக்கூடிய வேலை ஆராய்ச்சி ஒன்றுதான். நிகழ்ச்சிக்கு முந்தின நாள் தரவு பார்ப்பது, அடுத்த நாள் எழுதுவது, வகுப்புகளை வாரத்தின் மற்ற நாட்களில் அடைப்பது என்று வைத்தால் குரலுக்கு ஓய்வும் கிடைக்கும், கட்டுரையும் நகரும். வருடக் கணக்கிலும் அப்படித்தான், நிகழ்ச்சிகள் குவியும் மாதங்களில் ஆய்வு படுத்துவிடும், அதற்காகக் குற்றவுணர்வு வேண்டாம். மூன்றும் சமமாக நடக்கும் வாரம் என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

வருமானம்?

கற்பித்தல்தான் மாதாமாதம் வரும் பணம். நிகழ்ச்சி வருமானம் வரும்போது வரும். ஆய்வு நிதி பெரும்பாலும் ஏதாவது ஒரு நிறுவனத்தில் பதவி இருந்தால்தான் கிடைக்கும், தனியாக வகுப்பு எடுத்துக்கொண்டு ஆய்வு செய்பவர்கள் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஒருவரோடு சேர்ந்து எழுதுவதே நடைமுறை. ஆராய்ச்சியில் பணம் பார்க்கலாம் என்று இதில் வராதீர்கள்.

மாணவரின் குரல் கரகரத்தால் நானே சரிசெய்யலாமா? எனக்குத்தான் அறிவியல் தெரியுமே.

கூடாது. இதில் எனக்குத் துளி சமரசமும் கிடையாது. காதால் கேட்டு நாணில் கட்டியா வீக்கமா வாதமா என்று யாராலும் சொல்ல முடியாது, உள்ளே பார்த்தாக வேண்டும், பார்க்க வேண்டியவர் காது மூக்கு தொண்டை மருத்துவர். சளி, காய்ச்சல் போன பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் கரகரப்பு நின்றால் அனுப்பிவையுங்கள். பாடிக்கொண்டிருக்கும்போதே, அல்லது ஒரு கூச்சலுக்குப் பிறகு, குரல் சட்டென்று போய்விட்டால் அன்றே அனுப்புங்கள், நாணுக்குள் ரத்தக்கசிவாக இருக்கலாம், மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை பேச்சும் வேண்டாம் பாட்டும் வேண்டாம். கிசுகிசுப்பதும் ஓய்வாகாது, பலர் கிசுகிசுக்கும்போது குரல்வளையை இறுக்கித்தான் பிடிக்கிறார்கள்.

மருத்துவர், பேச்சு சிகிச்சையாளர், பாட்டு ஆசிரியர் மூவரும் சேர்ந்து ஒரு பாடகரை மேடைக்குத் திரும்பக் கொண்டுவருவதுதான் சரியான முறை. நீங்கள் அறிவியல், பாட்டு இரண்டின் மொழியும் தெரிந்தவர் என்பதால் அந்தக் குழுவில் உங்களுக்குப் பெரிய இடம் உண்டு. அறிக்கையில் எழுதியிருப்பதை மாணவரின் சாதகமாக மாற்றித் தர உங்களால் முடியும். கார்சியாவிடம் குரல் களைத்துப்போய் வந்த ஸ்வீடன் பாடகி ஜென்னி லிண்டுக்கு அவர் முதலில் விதித்தது பாடாமல் இருப்பதைத்தான், அதற்குப் பிறகே பாடம். அந்தப் பொறுமை நமக்கும் வேண்டும்.

இருக்கிற ஆய்வெல்லாம் மேற்கத்திய ஓபரா பற்றியதுதானே? என் பாணிக்கு என்ன பயன்?

பெரும்பாலும் உண்மை, அதைத்தான் நான் வாய்ப்பு என்கிறேன். பாடகர் ஃபார்மன்ட் ஒலிவாங்கியில் பாடுபவருக்குத் தேவையே இல்லை, அவர் குரலில் அதைத் தேடி இல்லை என்று குறை சொல்வது தப்பு. ஓபராவின் விப்ராட்டோ, அதாவது நீட்டிய சுரத்தில் வரும் அசைவு, நொடிக்கு 5 முதல் 7 அலை என்ற அளவில் ஓரளவு சீராக ஆடும், அதை அளக்கச் செய்த கருவியைக் கமகத்தின்மேல் வைத்தால் ஒன்றும் உருப்படியாக வராது, ஏனென்றால் கமகத்தில் ஒவ்வொரு அசைவுக்கும் ராகத்தில் ஓர் அர்த்தம் இருக்கிறது, எங்கே தொட்டு எங்கே நிற்கிறது என்பதுதான் விஷயம். வேகப் பிருகாக்களில் குரல்வளை என்ன செய்கிறது, பல மணி நேரம் உட்கார்ந்தே பாடும் உடலில் மூச்சு எப்படி நிர்வகிக்கப்படுகிறது, ஒரே சுருதியில் வருடக்கணக்காகப் பாடினால் குரல் எப்படிப் பழகுகிறது, இவற்றையெல்லாம் உள்ளே இருந்து பாடத் தெரிந்தவர் கேட்டால் கேள்வியே வேறு மாதிரி இருக்கும். வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்கு எதை அளப்பது என்றே தெரியாது. நாட்டுப்புறப் பாட்டு, பெல்ட்டிங் என்னும் உரத்த பாடும் முறை, சைபீரியாவின் துவா மக்களுடைய தொண்டைப்பாட்டு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

வயது ஏறிவிட்டது, இனி ஆரம்பிக்கலாமா?

மேடையை நாற்பதில் ஆரம்பிப்பது கடினம். ஆய்வுக்கு அந்தத் தடை இல்லை. வயதோடு நாண்களின் தசை மெலியும், பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு சுருதி கொஞ்சம் இறங்கலாம், நிகழ்ச்சிகள் குறையும், அந்த இடத்தை மற்ற இரண்டும் எடுத்துக்கொள்ளும். வயதாகும் குரலை உள்ளிருந்து கவனிக்கத் தெரிந்த ஆய்வாளர்கள் நமக்கு நிறையவே தேவை.

ஆய்வு ஒன்று சொல்கிறது, என் காதும் என் குருவும் வேறு சொல்கிறார்கள். யாரை நம்புவது?

இரண்டு பக்கமும் தவறியிருக்கிறது. 1950ல் பாரிஸில் ரவுல் ஹுஸ்ஸோன், நாண்களின் ஒவ்வொரு அதிர்வையும் மூளையிலிருந்து வரும் தனித்தனி நரம்புத் துடிப்பு உண்டாக்குகிறது என்று ஒரு கோட்பாடு வைத்தார். அறிவியல் மாதிரி இருந்தது, பாட்டு ஆசிரியர்கள் சிலர் அதை நம்பிப் பாடமும் எடுத்தார்கள். ஆனால் உடலிலிருந்து எடுத்த குரல்வளைக்குள் காற்றை ஊதினாலே, நரம்பு எதுவும் இல்லாமலே, நாண்கள் அதிர்கின்றன. 1958ல் யான்வில்லெம் வான் டென் பெர்க், காற்றின் ஓட்டமும் நாண்களின் மீள்தன்மையும் சேர்ந்துதான் அதிர்வு என்று தெளிவாக எழுதியதும் ஹுஸ்ஸோனின் கோட்பாடு கரைந்துபோனது.

மறுபக்கம், கார்சியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சுரத்தைத் தொடங்கும்போது நாண்கள் சுத்தமாக மூடித் திறக்க வேண்டும் என்று அவர் சொன்னதை, தொண்டையில் அடித்துத் தொடங்கு என்று புரிந்துகொண்டு பல ஆசிரியர்கள் பரம்பரையாகச் சொல்லிக்கொடுத்தார்கள், குரல்களும் கெட்டன. குரு சொன்னார் என்பதாலேயே சரியாகிவிடாது, குரு சொன்னதை நாம் எப்படி வாங்கிக்கொண்டோம் என்பதும் இருக்கிறது.

அதனால் முரண் வந்தால் நான் முதலில் ஆய்வின் முறையைப் படிப்பேன்: யாரைப் பாடவைத்தார்கள், தொடக்கநிலை மாணவர்களையா தேர்ந்த பாடகர்களையா, எந்தப் பாணி, எத்தனை பேர், ஒரு உயிரெழுத்தை நீட்டச் சொன்னார்களா அல்லது பாட்டையே பாடவைத்தார்களா. ஒற்றை ஆகாரத்தை ஆய்வகத்தில் நீட்டிப் பிடிப்பதற்கும் பல்லவி பாடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது, பாதி முரண் அங்கேயே தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் முரண் நின்றால், குரு சொன்னது விளக்கமா விளைவா என்று பிரித்துப் பார்ப்பேன். விளக்கம் தவறாக இருந்தும் அந்தச் சொல்லைக் கேட்டு மாணவர் நன்றாகப் பாடுகிறார் என்றால், சொல்லை வகுப்பில் வைத்துக்கொள்வேன், விளக்கத்தைக் கட்டுரையில் எழுத மாட்டேன். அந்தச் சொல் ஏன் வேலை செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள், உங்கள் அடுத்த ஆய்வு அநேகமாக அதுதான்.